தொடை வேண்டாம் என்ற வெள்ளச்சி

போன வாரம் இளம் டாக்டர்களான உங்களில் ஒருத்தி, பெயரைச் சொல்லிக் காட்டிக்கொடுக்க மாட்டேன், ஒரு பொட்டலத்தைப் பிரித்து என் கையில் வைத்தாள். உள்ளே கொசுவலைத் துண்டு போல வெள்ளையாக ஒரு நைலான் வலை. "கர்ப்பப்பை அடி இறங்கினவங்களுக்கு இனிமே இதை வச்சுத் தூக்கிக் கட்டிடலாம் மேடம். பேஷண்ட் உடம்புல வேற எங்கயும் கத்தி வைக்க வேண்டாம்" என்றாள். தீபாவளிக்குப் புதுத் துணி எடுத்த பெண்ணின் முகம் அவளுக்கு. கிழவி ஏதாவது குறை சொல்வாள் என்று எதிர்பார்த்துப் பதிலையும் தயாராக வைத்திருந்தாள் போல. நான் குறை சொல்லவில்லை. இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நல்ல வலைதான்.

ஆனால் அவள் சொன்ன கடைசி வாக்கியம் வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. வேறு எங்கேயும் கத்தி வைக்க வேண்டாம், அதனால் படுத்திருக்கிற நோயாளியிடம் வேறு எதையும் சொல்லவும் வேண்டாம் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்று ஒரு பயம். எப்படித் தைப்பது, எங்கே முடிச்சுப் போடுவது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. என்னைவிட நன்றாகவே உங்களுக்குத் தெரியும். புத்தகத்தில் இல்லாத ஒரு காலைப் பொழுதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது தர்மபுரி தனி ஜில்லா இல்லை, சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. ஊர் எல்லையில் இருந்த சின்னப் பெண்கள் ஆஸ்பத்திரி எங்களுடையது. மருத்துவப் பள்ளியில் படித்துவிட்டு உதவி டாக்டராக அங்கே வந்தேன். கூடவே யுத்தமும் வந்தது. பஞ்சிலிருந்து ரப்பர் குழாய் வரை எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. கிழிந்த கையுறைக்குச் சைக்கிள் டியூபுக்குப் போடுவது போல ஒட்டுப் போட்டுக்கொள்வோம். நீங்கள் சிரிப்பீர்கள். நாங்களும் சிரித்துக்கொண்டேதான் போட்டோம்.

ஆஸ்பத்திரிக்குத் தலைவி பெரிய டாக்டரம்மா. எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம், நானும் அப்படியே விட்டுவிடுகிறேன். குள்ளமான உருவம், பெரிய குரல். கோபம் பொசுக்கென்று வரும், வந்த வேகத்தில் போயும் விடும். எதைக் கண்டாலும் இழுத்துப் பார்க்கிற கை அவருக்கு. நூல், நாடா, சந்தையில் விற்கும் தாம்புக்கயிறு, என் புடவை முந்தானை, எதுவும் தப்பாது. தொய்ந்துபோன உடம்பை எதைக் கொண்டு தாங்கிப் பிடிப்பது என்ற ஒரே கேள்வி அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எங்களிடம் வருகிற பெண்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைப்பேற்றால் வந்த கேடு. கர்ப்பப்பை கீழே இறங்கியிருக்கும், இல்லையென்றால் சிறுநீர் கட்டுப்படாமல் ஒழுகும். கிழிந்ததைத் தைத்துவிடலாம். நைந்த துணியை எத்தனை தடவைதான் தைப்பது? பலத்துக்கு வேறொன்றை வைத்துத்தான் தைக்க வேண்டும். அந்த வேறொன்று எது என்பதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் நம் தொழிலின் தலைவலி.

எங்கள் பீரோவில் ஒரு தகர டப்பா இருந்தது. அதில் வெள்ளிக் கம்பியால் பின்னிய வலைகள். பெரிய டாக்டரம்மாவுக்கு முன்னால் இருந்த வெள்ளைக்கார டாக்டர் விட்டுப்போனது. ஆண்களுக்கும் அவரே அறுவை செய்வாராம். அவர் கையால் குடலிறக்கத்துக்கு வெள்ளி வலை வைத்துக்கொண்ட ஒரு தானிய வியாபாரி கம்பைநல்லூரில் இருந்தார். வயிற்றுக்குள் வெள்ளி இருக்கிறது என்பதில் மனிதருக்கு அவ்வளவு பெருமை. சந்தையில் சட்டையைத் தூக்கிக் காட்டுவார் என்று கேள்வி. சில வருஷம் கழித்து அதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். உள்ளே கம்பி இற்று முறிந்து, ஒரு முனை முள் மாதிரி தோலுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. பெண்கள் ஆஸ்பத்திரி என்று சொல்லித் திருப்பி அனுப்பவா முடியும்? பெரிய டாக்டரம்மாவும் நானும் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து, மீனுக்கு முள் எடுப்பது போல ஒவ்வொரு துண்டாக எடுத்தோம். அவர் அதை ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டு போய், தட்டானிடம் கொடுத்து உருக்கி, வயிற்று உருவாகச் செய்து தீர்த்தமலைக் கோவிலில் காணிக்கை செலுத்திவிட்டு வந்தார். எங்களுக்குப் பிரசாதமும் கொண்டுவந்தார். "சாமி கிட்டேயாவது அது முறியாம இருக்கட்டும்" என்று பெரிய டாக்டரம்மா சொல்லிவிட்டு, அன்றிலிருந்து அந்த டப்பாவைத் திறக்கவில்லை.

உடம்புக்கு உடம்பேதான் ஒத்துவரும் என்று அவர் முடிவு கட்டினார். வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைகளில் ஒரு முறையைப் படித்திருந்தார். தொடையின் வெளிப்பக்கம், தோலுக்கும் தசைக்கும் நடுவே, கெட்டியான வெள்ளைப் பட்டை ஒன்று இருக்கிறது. அதில் நாடா அகலத்துக்கு ஒரு கீற்றை உரித்தெடுத்து, சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே தூளி மாதிரி தொங்கவிட்டுக் கட்டினால் ஒழுக்கு நிற்கும். சிலருக்குச் செய்தோம், நன்றாகவே வந்தது. தொடைக் காயம் தானாக ஆறிவிடும். ஆறிய பிறகு அதைப் பற்றி நாங்கள் நினைப்பதே இல்லை.

வெள்ளச்சி அந்தச் சமயத்தில்தான் இரண்டாவது முறையாக எங்களிடம் வந்தாள். வத்தல்மலைக்காரி. சாமையும் கேழ்வரகும் போடுகிற குடும்பம், கடுக்காயும் புளியும் பொறுக்கிக் கீழே கொண்டுவந்து விற்பார்கள். முதல் பிரசவத்தில் குழந்தை குறுக்கே மாட்டி உள்ளேயே இறந்துபோய், அவளைத் தூளி கட்டி மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் தப்பியது. சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்துவிட்டது. அந்த ஓட்டையைப் பெரிய டாக்டரம்மா தைத்து மூடினார். ஓட்டை மூடியும் சிறுநீர்ப்பைக் கழுத்தின் பிடிப்பு விட்டுப்போயிருந்தது. படுத்திருந்தால் ஒன்றுமில்லை. எழுந்து, ஒரு சுமையைத் தூக்கி, ஏற்றத்தில் கால் வைத்தால் போதும், புடவை நனைந்துவிடும்.

அவளை யாரும் விரட்டவில்லை. அவளே வாடைக்குக் கூசிக்கொண்டு வீட்டை விட்டுக் காட்டிலிருந்த காவல் குடிசைக்குப் போய்விட்டாள். அடுப்பு தனி, பாய் தனி. நோன்பு, பண்டிகைக்குக்கூட வாசலோடு நின்றுவிடுவாளாம். ஆண்டி என்று அவளுடைய புருஷன், அதிகம் பேசாத ஆள், ராத்திரிச் சாப்பாட்டை அந்தக் குடிசைக்கு எடுத்துக்கொண்டு போய் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவான் என்று அவள்தான் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். "வூட்டுக்குள்ள ஒரு நாள் படுத்து எழுந்திரிச்சாப் போதுங்க" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பெரிய டாக்டரம்மா அவளுக்குத் தொடைப் பட்டையை வைத்துக் கட்டுவது என்று தீர்மானித்தார். கீழே இன்னொரு தையல் போட்டால் சரியாகிவிடும் என்று வெள்ளச்சியிடம் சொன்னோம். அவளும் சரி என்றாள். தொடை என்ற வார்த்தையே அந்தப் பேச்சில் வரவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை. தையற்காரன் நூல்கண்டு எங்கே வாங்கினான் என்று சட்டை தைக்கக் கொடுத்தவரிடம் சொல்வானா? எங்களுக்குத் தொடை என்பது சாமான் எடுக்கிற இடம், அவ்வளவுதான். இந்தத் தப்பை நம்மைப் போன்ற ஆட்கள் மட்டும்தான் செய்ய முடியும். வேறு எவனாவது ஒருத்தியின் காலை அறுக்கப் போகும்போது அவளிடம் சொல்ல மறப்பானா?

அன்று காலை முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, மேசையில் கிடத்தினோம். மார்புக்கு மேலே ஒரு துணித் திரை. தலைமாட்டில் நர்ஸ் ரூத்தம்மாள் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிர்ப்பக்கம். கீழே திறந்து, சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றிப் பட்டை போவதற்கான வழியை அமைக்கிற வேலை முடிந்தது. இனி பட்டையை எடுக்க வேண்டும். பெரிய டாக்டரம்மா தலையை நிமிர்த்தாமலே, "ரூத், வலது தொடைக்கு மருந்து தடவு" என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த வெள்ளைக்கார டாக்டர் மேசையருகே இங்கிலீஷில்தான் பேசுவாராம். நோயாளிக்கு ஒரு எழுத்தும் புரியாது, நிம்மதி. பெரிய டாக்டரம்மா தமிழில் பேசினார், ரூத்தம்மாளுக்கு இங்கிலீஷில் கத்தி கத்தரிக்கோல் பெயர்களைத் தவிர எதுவும் தெரியாது என்பதால். நீங்களும் தியேட்டரில் மளமளவென்று இங்கிலீஷ் பேசுகிறீர்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது எவ்வளவு சௌகரியம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாதாரணக் குரலில் கேள்வி வந்தது. "காலு எதுக்குங்க?"

ரூத்தம்மாள் பொய் சொல்லத் தெரியாதவள். அங்கிருந்து ஒரு பட்டை எடுத்துக் கட்டுவார்கள் என்று சொல்லிவிட்டாள்.

"காலைத் தொடாதீங்க."

கத்தவில்லை, அழவில்லை. வாசலில் நிற்பவரை உள்ளே வராதீர்கள் என்று சொல்வது போலச் சொன்னாள். பெரிய டாக்டரம்மாவுக்குக் கோபம் பொசுக்கென்று வந்துவிட்டது. உள்ளே திறந்து கிடக்கிறது, ஊசியின் வேகம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஈதரைக் கொடுத்துத் தூங்கவைத்துவிடு என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். மேசைக்குப் பக்கத்தில் அந்த மொழி அவர் வாயிலிருந்து வந்ததை நான் அதுவரை கேட்டதில்லை. அர்த்தம் ரூத்தம்மாளுக்கும் புரிந்துவிட்டது, அவள் முகத்தில் வைக்கிற ஈதர் மூடியை எடுத்தாள். வெள்ளச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு, ரூத்தம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மூஞ்சிய மூடாதீங்க. நான் இன்னும் பேசி முடிக்கல."

பெரிய டாக்டரம்மாவின் கை நின்றுவிட்டது. நான் மெதுவாக, பீரோவில் வெள்ளி வலை இருக்கிறதே, கொதிக்க வைத்துக் கொண்டுவரட்டுமா என்றேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கம்பைநல்லூர்க்காரர் வயிற்றை அதற்குள் மறந்துவிட்டாயா என்று அவர் கேட்டார். கேட்ட குரலில் கோபம் இறங்கியிருந்தது. பிறகு அவர் செய்ததை இத்தனை வருஷத்தில் வேறு எந்தச் சர்ஜனும் செய்து நான் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றினார். யுத்த காலத்தில், ஒட்டுப் போட்ட கையுறை, அதைக் கழற்றிப் போட்டால் மறுபடி வேறொன்றுக்கு எங்கே போவது என்று எனக்குள் ஒரு மூலை பதறியது. அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்குப் போய், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, வெள்ளச்சியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டார். திறந்த இடத்தில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

வெள்ளச்சி பேசினாள். "எங்க வூட்டுக்காரரோட அண்ணனுக்குக் காட்டுப் பன்னி தொடையக் கிழிச்சுப்போட்டுதுங்க. புண்ணு ஆறிடுச்சு. ஆனா ஏத்தம் ஏற முடியல. வூட்டோட கெடக்கறாரு. ஒழுகினாக்கூட நான் மலை ஏறிடுவேனுங்க. காலு போச்சுன்னா என்னை யாரு ஏத்தறது?"

பன்னி கிழிப்பது வேறு, நாங்கள் எடுப்பது வேறு, கால் ஒன்றும் ஆகாது என்று பெரிய டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மேலே இருக்கிற மெல்லிய பட்டைதான், எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் நன்றாக நடக்கிறார்கள் என்றார்.

"அவங்கல்லாம் மலைக்காரங்களாங்க?"

இல்லை. எல்லோரும் கீழ்நாட்டுப் பெண்கள். வீட்டிலிருந்து கிணற்றுக்கும் கிணற்றிலிருந்து வீட்டுக்கும் நடந்து காட்டியவர்கள். தலையில் கேழ்வரகு மூட்டையோடு செங்குத்தாக ஏறுகிற ஒரு காலில் அந்தப் பட்டை குறைந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு நிஜமாகவே தெரியாது. தெரியாது என்பதைப் பெரிய டாக்டரம்மா ஒத்துக்கொண்டார். வாயைத் திறந்து, "எனக்குத் தெரியாது வெள்ளச்சி" என்றார்.

அப்புறம் சொன்னார். "இப்ப நான் பாதி வழியில நிக்கறேன். கட்டாம மூடினா நீ வந்த மாதிரியேதான் போகணும். கட்டணும்னா உன் உடம்புலேர்ந்துதான் எடுக்கணும், கடைச் சாமானை நான் நம்பல. அடிவயித்துலயும் அதே மாதிரி ஒரு பட்டை இருக்கு. ஆனா அங்க நான் எடுத்ததில்ல. படிச்சதுதான். நீ சொல்லு, எங்க எடுக்கட்டும்?"

வெள்ளச்சி கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். அவள் யோசித்த நேரம் எனக்கு ஒரு யுகமாக இருந்தது, கைக்குக் கீழே துணி நனைந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஏதோ இரவல் கேட்டால் எந்தப் பாத்திரத்தைக் கொடுக்கலாம் என்று பார்ப்பாளே ஒரு குடும்பஸ்திரீ, அப்படித்தான் தன் உடம்பை மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"வயிறு சும்மாதானுங்க கெடக்குது. அதுல எடுத்துக்குங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தில் துணி கட்டியிருந்ததால் பிழைத்தேன். ரூத்தம்மாளுக்கு அதுவும் இல்லை, அவள் பாட்டுக்கு அழுதாள். பெரிய டாக்டரம்மா வெள்ளச்சியின் நெற்றியை ஒரு தடவை தொட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனார். தண்ணீர்ச் சத்தம் வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டது.

அடிவயிற்றில் குறுக்கே கீறி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கீற்றாக உரித்து, அடிமுனையை அறுக்காமல் அப்படியே கீழே இறக்கிக்கொண்டுவந்து சிறுநீர்ப்பைக் கழுத்துக்கு அடியில் சேர்த்துக் கட்ட வேண்டும். படித்ததை நினைவுபடுத்திக்கொண்டே அவர் செய்தார். நடு நடுவே என்னிடம், "இதுதானே? இப்படித்தானே?" என்று கேட்டார். நான் அந்தப் பத்திரிகையைப் பார்த்தது கூட இல்லை. ஆமாம் ஆமாம் என்றேன். சில சமயம் சர்ஜனுக்கு உதவியாள் தரக்கூடிய உதவி அவ்வளவுதான்.

பட்டை வந்து சேர்ந்தது. எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் இனி எல்லாமே இருந்தது. இறுக்கிவிட்டால் நீர் பிரியாது, தளர்த்திவிட்டால் பழைய கதைதான். தூங்குகிற நோயாளியிடம் இதைக் கண் மதிப்பாகத்தான் செய்வோம். இவள் விழித்திருக்கிறாளே என்று பெரிய டாக்டரம்மாவுக்குத் திடீரென்று உறைத்தது. சிறுநீர்ப்பைக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, "வெள்ளச்சி, இருமு" என்றார். இருமினாள். ஒழுகியது. கொஞ்சம் இறுக்கிவிட்டு மறுபடி இருமச் சொன்னார். துளி எட்டிப் பார்த்தது. இன்னும் ஒரு பிடி இறுக்கினார். அவள் இருமினாள், ஒன்றும் வரவில்லை. அங்கேயே முடிச்சைப் போட்டார். அவள் சொன்னபடி முகத்தை மூடாமல் விட்டதற்குக் கிடைத்த கூலி அது. ஊசியின் வேகம் குறைந்து கடைசித் தையல்கள் சுருக்கென்று தைத்தபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டாளே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சிறுநீர் வடிய வைத்திருந்த குழாயை எடுக்கிற நாள் வந்தது. எடுத்தோம். நீர் பிரியவில்லை. இறுக்கிவிட்டோம் என்று பெரிய டாக்டரம்மா வார்டுக்கும் தன் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் ரூத்தம்மாள் ஓடி வந்தாள். ஒன்றுக்குப் போய்விட்டாள், தானாகவே போய்விட்டாள். பெரிய டாக்டரம்மா வெள்ளச்சியை நிற்கவைத்து இருமச் சொன்னார். தும்மச் சொன்னார். ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டுத் தூக்கப் பார்த்தவளைத் திட்டி உட்கார வைத்தார். புடவை காய்ந்தே இருந்தது. நான் ஆஸ்பத்திரியில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த சாயங்காலங்கள் ரொம்பக் கிடையாது.

வெளியே புளியமரத்தடியில் களி கிண்டிக்கொண்டிருந்த ஆண்டியிடம் சொல்லப் போனோம். இனி ஒழுகாது என்று பெரிய டாக்டரம்மா சொன்னார். அவன் எழுந்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டு, "நடப்பாளுங்களா?" என்று கேட்டான். பெரிய டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். மலையில் அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால் அவளை ஆஸ்பத்திரிப் படிகளில் ஏறி இறங்கச் சொல்லி, ஆண்டியைக் கீழே நிறுத்திப் பார்க்கச் சொன்னார். அவன் முகம் மலர்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

இளையவர்களே, கதை இதோடு முடிந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். பெரிய டாக்டரம்மாவின் கெட்டிக்காரத்தனத்தைச் சொன்ன கதையாக அது போயிருக்கும். அதற்குப் பிறகு அவர் மேசைக்கு வருகிற ஒவ்வொருத்தியிடமும், முந்தின நாளே கட்டிலருகே உட்கார்ந்து, எங்கே கீறுவோம், எதை எடுப்போம் என்று கையை வைத்துக் காட்டிச் சொன்னார். மறக்கவே மாட்டார். நானும் அவரைப் பார்த்து அப்படியே பழகிக்கொண்டேன். ஆனால் சொல்வது ஒன்று, உனக்கு எது வேண்டும் என்று கேட்பது ஒன்று. வயிற்றுப் பட்டை நன்றாக வந்துவிட்டதல்லவா, இனி எல்லோருக்கும் வயிறுதான் என்று அவர் கை பழகிவிட்டது. தொடைக்கு மருந்து தடவுகிற வேலையே ரூத்தம்மாளுக்கு இல்லாமல் போனது. நல்லதாக ஒன்று கிடைத்துவிட்டால் அதுவே நம் கண்ணை மறைக்கும். உங்கள் பொட்டலத்து வலையும் நல்லதுதான். அதனால்தான் பயப்படுகிறேன். ஒருத்திக்குத் தன் உடம்பில் தன்னுடையது அல்லாத ஒன்று தங்கப் போவது பெரிய விஷயமாக இருக்காது, இன்னொருத்திக்கு அதை நினைத்தாலே சோறு இறங்காது. முகத்தைப் பார்த்து உங்களால் சொல்லிவிட முடியாது.

ஒரு சித்திரை மாதம் வெள்ளச்சி மறுபடி வந்தாள், நோயாளியாக அல்ல. தலையில் புளி மூட்டையோடு, மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்திருந்தாள். குடிசை என்ன ஆயிற்று என்று கேட்டேன். காட்டுப் பன்னிக்குக் காவலாக இப்போது ஆண்டிதான் அங்கே படுக்கிறானாம், இவள் வீட்டுக்குள் கால் நீட்டித் தூங்குகிறாளாம். சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது.

கூட ஒரு சின்ன வயசுப் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். பெயர் சின்னப்பொண்ணு, கம்பைநல்லூர்ப் பக்கம். சந்தையில் எல்லோருக்கும் ஒதுங்கி ஓரமாக நின்றவளைப் பார்த்த மாத்திரத்தில் வெள்ளச்சிக்கு விஷயம் புரிந்துவிட்டதாம். அதே கதை, முதல் பிள்ளை தங்கவில்லை, அதே ஒழுக்கு. சோதித்துப் பார்த்தோம். தூளி கட்டினால் சரியாகும் என்று தெரிந்தது. வெள்ளச்சி தன் புடவையை விலக்கி, அடிவயிற்றுத் தழும்பை அவளுக்குக் காட்டி, ஒன்றும் பயமில்லை என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டரம்மா வழக்கம்போலக் கட்டிலருகே உட்கார்ந்து, சின்னப்பொண்ணின் வயிற்றில் கையை வைத்து, இங்கே குறுக்கே கீறி இரண்டு பட்டை எடுப்போம், வெள்ளச்சிக்குச் செய்த மாதிரியேதான் என்று அன்பாக விளக்கினார். அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டாள். கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது. பெரிய டாக்டரம்மாவின் கையை மெல்ல எடுத்து, தன் வயிற்றிலிருந்து அகற்றி, தொடைமேல் வைத்தாள்.

"வயிறு வேணாங்க. நான் இன்னும் புள்ள பெக்கணும். காலுல எடுத்துக்குங்க, எங்க ஊரு சமவெளிதானுங்க."

வயிற்றுப் பட்டையை எடுப்பதால் பிள்ளைப்பேறு நின்றுவிடாது என்று எங்களுக்குத் தெரியும். பெரிய டாக்டரம்மா அதைச் சொல்லவும் செய்தார். அவள் அசையவில்லை, தொடைமேல் வைத்த அவர் கையை விடவும் இல்லை. பெரிய டாக்டரம்மா துணைக்கு ஆள் தேடுகிறவர் போல, எனக்காக நீ ஒரு வார்த்தை சொல்லேன் என்ற முகத்தோடு வெள்ளச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளச்சி புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"என்னை ஏனுங்க பாக்கறீங்க? அவளைக் கேளுங்க."